வலப்பக்கம் நின்ற கலங்கரை விளக்கம்

அச்சகத்தில் அவரைத் திருப்பியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பின்னாளில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர் அதுதான் அவருடைய சொந்தப் பெயர் என்று நம்பி, அவர் ஓய்வுபெற்ற நாளில் வாழ்த்து மடலில் அப்படியே எழுதிக் கொண்டுவந்து நீட்டிவிட்டார். அவர் அதைப் படித்துவிட்டு மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் ஒரு சுவரொட்டி. அது அச்சான வருஷம் அவருக்கு வயது முப்பத்தொன்று.

அவர் படம் வரைகிறவர். பதினேழு வயதில் அந்த அச்சகத்தின் மாடிக்கு ஏறினார். நீளமான ஒற்றை அறை, வடக்குப் பக்கம் முழுக்க ஜன்னல், ஐந்து மேசை. சோப்பு உறை, தீப்பெட்டி லேபிள், நாள்காட்டி, மருந்து டப்பா என்று எது வந்தாலும் அங்கேதான் படமாகும். அப்போது கல்லச்சு. வழவழப்பான கல்பலகை மேல் கொழுப்பு மையால் வரைந்து, அதன்மேல் காகிதத்தை அழுத்தி எடுப்பார்கள். அதனால் கல்லில் எதையும் இடவலம் மாற்றித்தான் வரைய வேண்டும். இடது கை மனிதன் காகிதத்தில் வலது கை மனிதனாக வருவான். எழுத்தும் அப்படித்தான். நாலைந்து வருஷத்தில் அவருக்குத் தன் பெயரை நேராக எழுதுவதைவிடத் திருப்பி எழுதுவது சுலபமாகிவிட்டது. அவர் கணவர் பேருந்து நடத்துநர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர். "எங்க வீட்ல கடைச் சாமான் சீட்டைக் கண்ணாடியில காட்டித்தான் படிக்கணும்" என்று பயணிகளிடமே சொல்லுவார்.

பிறகு முதலாளி புது இயந்திரம் வாங்கினார். அதில் கல் இல்லை, மெல்லிய தகடு. நடுவில் ஒரு ரப்பர் உருளை வந்துவிட்டதால், தகட்டில் நேராக வரைந்தால் காகிதத்திலும் நேராகவே விழும். மாடியில் இருந்த ஐந்து பேரும் பழகிய கையை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அதே வருஷம்தான் சுற்றுலா அலுவலகத்திலிருந்து வேலை வந்தது.

ஊரை வெளிநாட்டில் விளம்பரம் செய்ய ஆளுயரச் சுவரொட்டி. கப்பல் கம்பெனி அலுவலகங்களிலும் பயணச்சீட்டு விற்கிற கடைகளிலும் மாட்டப்போகிறார்கள். மேலே ஊரின் பெயர் கொட்டை எழுத்தில், கீழே 'கிழக்கின் வாசல் திறந்திருக்கிறது' என்று ஒரு வரி, நடுவில் கடலிலிருந்து பார்த்தால் தெரியும் துறைமுகம். மாதிரிக்கு அலுவலகமே ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைக் கொடுத்தது. யாரோ படகில் போய் எடுத்தது. மலை, அதன் அடியில் சுங்க மாளிகையின் கூரை, வலப்பக்கம் கலங்கரை விளக்கம், இடப்பக்கம் நிலக்கரிக் கிடங்கு.

பொறுப்பிலிருந்த அதிகாரி இரண்டு நாளைக்கு ஒருமுறை மாடிக்கு வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொள்வார்.

"வானம் இன்னும் கொஞ்சம் சிவப்பா இருக்கட்டும்."

"ஏற்கெனவே நல்லாச் சிவந்திருக்கு சார். நம்ம ஊர்ல எந்நேரமும் சாயங்காலம்தான்னு நெனச்சுக்கப் போறாங்க."

"நெனச்சா நெனச்சுக்கட்டும். வந்து சேந்தாச் சரி." பிறகு படத்தின் இடது ஓரத்தைக் காட்டி, "இது என்ன, கரிக் கிடங்கா? இதைப் பாக்கவா ஒருத்தன் கப்பலேறி வருவான்? இங்க நாலு பனை மரம் போட்டுடுங்க" என்றார்.

அந்தத் துறைமுகத்தில் பனை மரம் எதுவும் இல்லை. ஆனாலும் நாலு பனை முளைத்தது. கீழே வெள்ளைக் கப்பல் ஒன்று, ஒரு துடுப்புப் படகு, அலையில் ஆரஞ்சு நிறத்தில் வானத்தின் நிழல். ஏழு நிறம், ஏழு தகடு, ஏழு வாரம். முதல் தாளை உருவி எடுத்துச் சுவரில் ஒட்டியபோது, இயந்திரம் ஓட்டுகிறவர்கூடக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். கரையில் நின்று கடலைப் பார்த்தால் கலங்கரை விளக்கம் வலது கைப்பக்கம் இருக்கும். ஊரில் எல்லோரும் அப்படித்தான் பார்த்துப் பழகியிருந்தார்கள். அதனால் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல "அச்சு அசல்" என்றார்கள். அங்கே யாரும் கடலுக்குள் போய்த் திரும்பி ஊரைப் பார்த்தவர்கள் இல்லை.

நாலாயிரம் தாள் அச்சாகி, முக்கால்வாசி கப்பலேறிப் போய்விட்டது. ஆறு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. வயதான தம்பதி. சுவரொட்டியை வீட்டில் மாட்டி இரண்டு வருஷம் பணம் சேர்த்துக் கிளம்பி வந்தவர்கள் என்று முதலில் ஒரு பேச்சு. அச்சாகியே அவ்வளவு நாளாகவில்லையே என்று அதிகாரியே பிற்பாடு திருத்திக்கொண்டார். விஷயம் இதுதான்: மனைவிக்குக் கலங்கரை விளக்கத்தைக் காட்ட வேண்டும் என்பதற்காகக் கணவர் சுவரொட்டியைப் பார்த்து, கப்பலின் வலப்பக்க அறையாகக் கேட்டு வாங்கியிருக்கிறார். கப்பல் துறைமுகத்துக்குள் நுழைந்த முக்கால் மணி நேரமும் அவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து நிலக்கரிக் கிடங்கைப் பார்த்திருக்கிறார்கள். கலங்கரை விளக்கம் மறுபக்கம் போய்விட்டது. 'எங்களை ஏமாற்றியது நீங்களா, உங்கள் ஊரா?' என்று கடிதம் முடிந்திருந்தது.

அதிகாரி கடிதத்தோடு வந்து முதலாளியின் அறையில் உட்கார்ந்தார். படம் வரைந்தவரை மாடியிலிருந்து கீழே கூப்பிட்டார்கள்.

"ஏம்மா, கடலுக்குள்ள இருந்து பாத்தா லைட் ஹவுஸ் இடது பக்கம்ல இருக்கணும்?" என்றார் முதலாளி.

அவர் மனத்துக்குள் ஊரைத் திருப்பிப் பார்த்தார். ஆமாம், இடது பக்கம்தான்.

"போட்டோவுல இருந்தபடிதான் சார் வரைஞ்சேன்."

"போட்டோ எங்க?"

"வேலை முடிஞ்சதும் ஆபீஸ்லயே திருப்பிக் குடுத்துட்டேனே."

முதலாளி அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி, "ஃபைல்ல தேடச் சொன்னேன். இல்லைங்கறாங்க" என்றார். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "பதினாலு வருஷம் திருப்பித் திருப்பி வரைஞ்ச கை. புது மெஷின். தன்னை அறியாமத் திரும்பியிருக்கும். நான் தப்பா எடுத்துக்கல" என்றார். அதிகாரி தப்பாக எடுத்துக்கொண்டிருந்தால் எதிர்த்து வாதாடியிருக்கலாம். பெருந்தன்மையோடு வாதாட முடியாது.

"எழுத்து நேராத்தானே இருக்கு" என்று மட்டும் கேட்டார்.

"எழுத்துல கவனமா இருந்திருப்பே. படத்துல விட்டிருப்பே" என்றார் முதலாளி. அது நம்பும்படியாக இருந்தது. மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் அவருக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. அந்த வார முடிவுக்குள் முழுவதும்.

அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. காட்சிப் படங்கள் மட்டும் பக்கத்து மேசைக்குப் போயின. அவருக்கு பிஸ்கட் டப்பா, மருந்து லேபிள், பொத்தான் அட்டை. இடவலம் எது என்று யாரும் கேட்காத வேலைகள். மிஞ்சிய ஆயிரம் தாள் எடைக்குப் போயிற்று. திருப்பியக்கா என்ற பெயரை முதலில் யார் வைத்தார்கள் என்று தெரியாது. ஒரு மாதத்துக்குள் முதலாளியின் வாயிலும் அதுவே வந்தது. அதில் வன்மம் இல்லை. காகிதம் வெட்டுகிற குட்டை ஆளை நெட்டையண்ணன் என்று கூப்பிடுவதுபோலத்தான்.

வெளியே தெரிந்தது இவ்வளவுதான். உள்ளே அவர் தன் கையை நம்புவதை நிறுத்திவிட்டார். காலையில் செருப்பு மாட்டும்போது ஒருகணம் நின்று எது இடது என்று பார்ப்பார். பேருந்து நிறுத்தத்தில், தெரிந்த வழித்தடமாக இருந்தாலும், பக்கத்தில் நிற்பவரிடம் "இந்தப் பக்கம்தானே?" என்று கேட்பார். மகனின் சட்டையை மாட்டிவிட்டுத் தையல் உள்ளே இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். வேலைக்குக் கிளம்புமுன் இடது மணிக்கட்டில் நீல மையால் ஒரு புள்ளி வைத்துக்கொள்வார். கணவர் அதைக் கண்டுபிடித்து ஒரு வாரம் பேருந்து முழுக்கச் சிரிக்க வைத்தார். "எங்க வீட்டம்மாவுக்கு நான் இடது பக்கமா வலது பக்கமான்னே சந்தேகம். என் கையிலயும் ஒரு புள்ளி வெச்சிருக்காங்க" என்று தன் மணிக்கட்டைக் காட்டினாராம். அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் மறுநாள் காலை கணவர் தானே மைக்கூட்டைத் திறந்து மேசைமேல் எடுத்து வைத்திருந்ததையும் அவர் கவனித்தார்.

இப்படியே இருபத்துமூன்று வருஷம் போயிற்று. மகன் படித்து, குடிநீர் வாரியத்தில் வேலைக்குப் போனான். அவனுக்கு ஒரு பெண் பிடித்திருந்தது. பெண்ணின் அப்பா கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். பாஸ்போர்ட் படம், குடும்பப் படம் எடுப்பவர். சம்பந்தம் பேச அவர்கள் வந்தபோது கணவர் வழக்கம்போலத் தொடங்கினார்.

"எங்க வீட்டம்மா ஒரு துறைமுகத்தையே தூக்கி அந்தப் பக்கம் வெச்சவங்க. உங்க பொண்ணு உப்பு டப்பாவ மாத்தி வெச்சா ஒரு வார்த்தை பேச மாட்டாங்க, பயப்படாதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டுடியோக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தவர் சங்கடத்தில் சிரிக்காத மனிதர் என்று அவருக்குச் சம்பந்தியைப் பிடித்துப்போயிற்று. கல்யாணம் நடந்தது. மருமகள் நல்ல மாதிரி. பட்டென்று பேசுவாள், பட்டென்று மறப்பாள். ஒரு பேத்தி பிறந்தாள். ஐம்பத்தெட்டில் அவர் ஓய்வு பெற்றார். அவருக்கு அறுபது வயதானபோது கணவர், பணியிலிருந்து விடுபட்ட ஒரே வருஷத்தில், மார்வலியில் போய்விட்டார்.

அறுபத்துமூன்றாவது வயதில் அவரைத் தேடி அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பழைய பயணச் சுவரொட்டிகளைத் திரட்டிக் கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். கிழக்குக் கரைத் துறைமுகங்களுக்கென்று அச்சான சுவரொட்டிகளில், சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுவது அவர் வரைந்ததைத்தானாம்.

"அதுல தப்பு இருக்கேம்மா" என்றார் அவர்.

"தப்பு இருக்கறதாலதான் தேடறாங்க. உலகத்துலயே மொத்தம் பதினோரு தாள்தான் இருக்குன்னு கணக்கு சொல்றாங்க."

அவருக்கு இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை. அந்தப் பெண் பையிலிருந்து பழுப்பு நிறக் கோப்பு ஒன்றை எடுத்தாள். சுற்றுலா அலுவலகத்தை வேறு துறையோடு சேர்த்தபோது அதன் காகிதங்களெல்லாம் அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டனவாம். கோப்பினுள் அச்சகத்துக்கு அனுப்பிய கடிதத்தின் நகல், பனை மரம் பற்றிய குறிப்பு, வயதான தம்பதியின் கடிதம். அதன் அடியில், ஃபைலில் இல்லை என்று அன்று அதிகாரி சொன்ன புகைப்படம், துருப்பிடித்த ஊசி குத்தி.

அவர் அதைக் கையில் வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மலை. சுங்க மாளிகைக் கூரை. இடப்பக்கம் நிலக்கரிக் கிடங்கு. வலப்பக்கம் கலங்கரை விளக்கம்.

வெகுநேரம் பார்த்தார். இது தன் கண்ணின் கோளாறோ என்று மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். அன்று புள்ளி வைத்திருக்கவில்லை. "இதுல எது வலது?" என்று கேட்டார். அந்தப் பெண் தொட்டுக் காட்டினாள். "படம் எடுத்தவங்க நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்திருக்காங்க. நீங்க இருக்கறத அப்படியே வரைஞ்சிருக்கீங்கம்மா. உங்க தப்பே இல்ல."

அந்நேரம் தேநீரோடு வந்த மருமகள் புகைப்படத்தின் பின்பக்கத்தைப் பார்த்தாள். ஊதா நிறத்தில் ஒரு வட்ட முத்திரை.

"இது எங்கப்பா ஸ்டுடியோ சீல் இல்ல அத்தை?"

"ஆமாம்மா" என்றார் அவர்.

வந்த பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். படவிளக்க அட்டையில் என்ன எழுதுவது என்று முடிவு செய்ய ஒரு வாரம் இருக்கிறது என்று சொல்லி, புகைப்படத்தின் நகல் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் அவர் சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பியபோது மருமகளும் செருப்பை மாட்டினாள்.

"நீ வேண்டாம். நீ வந்தா அவர் உன் மூஞ்சியப் பாத்துப் பேசுவார். என் மூஞ்சியப் பாத்துப் பேசட்டும்."

சம்பந்தி கண்புரை அறுவை முடிந்து வீட்டில் இருந்தார். ஸ்டுடியோவை மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கூடத்தில் இருந்த பழைய சுழல் நாற்காலியில் உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். படத்தின் நகலைச் சம்பந்தியம்மா அவர் மடியில் வைத்ததும், வானொலியை நிறுத்தினார். பூதக்கண்ணாடியைத் தேடவில்லை.

"தெரியுங்க சம்பந்தியம்மா."

"எப்ப தெரியும்?"

"குடுத்த மறுநாளே. இன்னொரு பிரதி போட்டப்ப அது வேற மாதிரி வந்துது. ஸ்டுடியோ ஆரம்பிச்சு அஞ்சு மாசம். சுற்றுலா ஆபீஸ்தான் முதல் பெரிய பார்ட்டி. யாரு கண்டுபிடிக்கப் போறாங்கன்னு விட்டுட்டேன்."

"கண்டுபிடிச்சப்ப?"

"அப்ப யாரோ அச்சகத்துல ஒரு அம்மான்னுதான் கேள்விப்பட்டேன். மூஞ்சி தெரியாத ஒருத்தங்க." சற்று நிறுத்தினார். "மூஞ்சி தெரியலன்னா சுலபமா இருக்கு."

"அதனாலதான் பொண்ணக் குடுத்தீங்களா? பரிகாரமா?"

"இல்லீங்க. பொய் சொல்ல மாட்டேன். எந்த வீடுன்னு தெரிஞ்சதும் இந்தச் சம்பந்தமே வேண்டாம்னுதான் சொன்னேன். உங்க பையன்ல குறை கண்டுபிடிச்சுப் பாத்தேன். ஒண்ணும் கெடைக்கல. எம்பொண்ணு ஒத்தக் கால்ல நின்னுட்டா."

சம்பந்தியம்மா சிரித்துவிட்டார். சிரிக்க வேண்டும் என்று வரவில்லை. பிறகு தான் சொல்ல வந்ததைச் சொன்னார். குரல் உயரவில்லை. செருப்பு மாட்டுவதற்கு யோசித்தது, பேருந்து நிறுத்தத்தில் கேட்டது, மைப்புள்ளி, முப்பத்திரண்டு வருஷம். "எங்க வீட்டுக்காரர் என்னைக் கிண்டல் பண்ணிக்கிட்டே போய்ச் சேந்துட்டார். அவருக்கு இது தெரியாமலே போச்சு. அதுதான் எனக்கு ஆறல."

மன்னிப்பு என்ற சொல் சம்பந்தியின் வாயில் இரண்டு தடவை வந்து நின்றது தெரிந்தது. கடைசியில், "அட்டையில பேர் போடுவாங்களா?" என்று கேட்டார்.

"என்னைத்தான் கேட்டிருக்காங்க. நான் இன்னும் சொல்லல."

"உங்க இஷ்டம்."

வீட்டில் மகன், "எதுக்கும்மா அவர் பேரு? தப்பு உன்னோடதில்லன்னு மட்டும் போட்டாப் போதாதா?" என்றான். அவர் மருமகளைப் பார்த்தார். "போடட்டும் அத்தை. உங்க பேரை எல்லாரும் சொன்னாங்கல்ல" என்றாள் அவள். அன்றிரவு அவள் அதிகம் பேசவில்லை. ஆனால் சொன்னதை மாற்றவும் இல்லை.

அவர் அருங்காட்சியகத்துக்குத் தொலைபேசி செய்து, எல்லாவற்றையும் பேரோடு எழுதச் சொன்னார். நாலு பனை மரமும் அதிகாரி சொல்லி வரைந்தது என்பதையும் சேர்க்கச் சொன்னார். "அங்க இருந்தது கரிக் கிடங்கு. அதையும் எழுதுங்க. அதைப் பத்தி இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல."

சம்பந்தி மூன்று மாதம் அந்தப் பக்கம் வரவில்லை. பேத்தியைப் பார்க்க வேண்டுமென்றால் மகளை அங்கே வரச்சொன்னார். இதற்கிடையே அருங்காட்சியகம் சுவரொட்டி வரைந்தவரை ஒரு படகில் கூட்டிக்கொண்டு போயிற்று. துறைமுகத்தைக் கடலிலிருந்து அவர் பார்ப்பதைப் படமெடுக்க நினைத்தார்கள். படகு கரையை விட்டதுமே அவருக்குத் தலை சுற்றி, பலகையில் படுத்தவர் திரும்பி வரும்வரை எழுந்திருக்கவில்லை. கூடப் போயிருந்த மருமகள் மட்டும் பார்த்துவிட்டு வந்து, "இடது பக்கம்தான் அத்தை" என்றாள். "சரி" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

கண்காட்சி திறந்த அன்று கூட்டம் இருந்தது. அவருடைய சுவரொட்டி உள்ளறையில், கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. வானம் அதிகாரி கேட்ட அளவுக்குச் சிவந்தே இருந்தது, நிறம் மங்கவில்லை. அவர் அதைப் பார்த்து, படகின் துடுப்பு நீளம் சரியில்லை என்று நினைத்தார். வேறு எதுவும் தோன்றவில்லை. சிலர் வந்து கைகொடுத்தார்கள்.

பன்னிரண்டு மணி சுமாருக்குச் சம்பந்தி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பூதக்கண்ணாடி. யாரிடமும் பேசாமல் நேரே அட்டையிடம் போய், அதைப் பூதக்கண்ணாடி வைத்து வரி வரியாகப் படித்தார். தன் பெயர் வந்த இடத்தில் நின்றார். மறுபடி படித்தார். பிறகு அருங்காட்சியகப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"ஒரு திருத்தம்மா. 'கவனக்குறைவால்'னு போட்டிருக்கீங்க. திருப்பிப் போட்டது கவனக்குறைவு. அப்புறம் தெரிஞ்சும் சொல்லாம இருந்தது கவனக்குறைவு இல்ல. அதையும் சேத்துடுங்க."

அந்தப் பெண் படம் வரைந்தவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்றாரே, சேத்துடும்மா" என்றார் அவர்.

மகன் வண்டியைக் கொண்டுவரப் போயிருந்தான். சம்பந்திகள் இருவரும் வாசல் அருகே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடைவெளி. பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. பக்கத்துப் பள்ளியா, தூரத்துப் பள்ளியா என்று பேச்சு வந்தது. தூரத்துப் பள்ளியில் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றார் சம்பந்தி. அவ்வளவு தூரம் பிள்ளை தூங்கி வழியும் என்றார் அவர். வண்டி வரும்வரை இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.